யாரும் இல்லாத இடம்

கனகதாசரைப் பற்றி ஒரு கதை உண்டு. குரு வியாசராயர் தம் சீடர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வாழைப்பழத்தைக் கொடுத்து, யாரும் பார்க்காத இடத்துக்குப் போய் அதைத் தின்றுவிட்டு வரும்படி அனுப்பினாராம். ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு தின்றான். ஒருவன் புதர் மறைவில் உட்கார்ந்து தின்றான். ஒருவன் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு அதற்குள்ளேயே காரியத்தை முடித்தான். கனகர் மட்டும் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். எங்கே போனாலும் கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, யாரும் பார்க்காத இடத்துக்கு எங்கே போவது என்று கேட்டாராம்.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது, கனகரின் பக்தியைவிட அந்தப் பழம் கடைசியில் என்னவாயிற்று என்பதில்தான் எனக்கு அக்கறை இருந்தது. இப்போது நாற்பதைத் தாண்டிய பிறகு வேறொரு விஷயம் தோன்றுகிறது. கடவுள் பார்த்துக்கொண்டிருந்தார், சரி. கதவைச் சாத்திக்கொண்டு தின்றவனையும் பார்த்தார்; போர்வைக்குள் தின்றவனையும் பார்த்தார். ஆனால் ஒருத்தனைப் பற்றியும் இன்னொருத்தனிடம் அவர் போய்ச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் பார்க்கிற அந்தக் கண், எதையும் யாருக்கும் காட்டுவதில்லை. அப்படிக் காட்டத் தொடங்கியிருந்தால் இந்த உலகத்தில் ஒரு குடும்பமாவது உருப்படியாக இருந்திருக்குமா?

ஒரு காமிராவைப் பற்றி எழுத உட்கார்ந்துதான் கனகதாசர் வரைக்கும் போய்விட்டேன்.

என் நண்பர் ஒருவர் வனத்துறையில் ரேஞ்சர். இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறப்போகிறவர். எந்த மலை, எந்தக் காடு என்று நான் எழுதப் போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும். சென்ற மார்கழியில் அவர் குவார்ட்டர்ஸில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, "வாங்க, ஒரு வேடிக்கை காட்டறேன்" என்று லாப்டாப்பைத் திறந்தார். காட்டுக்குள் மரங்களில் கட்டி வைத்திருக்கும் காமிராக்களிலிருந்து அன்று காலைதான் மெமரி கார்டுகளைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

இந்தக் காமிராவை வாசகர்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு சின்ன டிபன் டப்பா அளவுதான் இருக்கும். மரத்தின் நிறத்திலேயே இருக்கும். மிருகங்கள் நடமாடும் ஒற்றையடிப் பாதையின் ஓரமாக, முழங்கால் உயரத்தில், ஒரு பட்டையைப் போட்டு மரத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிடுவார்கள். கட்டியவன் வீட்டுக்குப் போய்விடுவான். சுற்றியிருப்பதிலிருந்து வேறுபட்ட உடம்புச் சூட்டோடு ஏதாவதொன்று அதன் எதிரே அசைந்தால் போதும். அது தானாகவே விழித்துக்கொண்டு படத்தை எடுத்து, தேதியையும் மணியையும் குறித்துக்கொண்டு, மறுபடி தூங்கிவிடும். இரவில் எடுப்பதற்கு, நம் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் உண்டு. புலியைக் கணக்கெடுப்பதென்றால் பாதைக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு காமிராக்கள் வேண்டும். ஏனென்றால் புலியின் இடது விலாவில் இருக்கும் வரி வலது விலாவில் இருப்பதில்லை. ஒரு பக்கத்தை மட்டும் பிடித்தால், ஒரே புலியை இரண்டு புலியாக எண்ணிவிட நேரும்.

முதல் நூறு படங்களில் ஒன்றுமே இல்லை. வெயிலில் சூடேறிய உண்ணிச்செடி காற்றில் அசைந்திருக்கிறது. அதையும் எடுத்துத் தள்ளியிருக்கிறது. பிறகு ஒரு காட்டெருதின் முதுகு. ஒரு முள்ளம்பன்றி. இரண்டு கடமான்கள். செந்நாய்க் கூட்டமொன்று, அதில் ஒன்று காமிராவை முகர்ந்து பார்த்ததால் மூக்கு மட்டும் பூசணிக்காய் அளவுக்கு. பிறகு, ராத்திரி இரண்டே காலுக்கு, புலி.

நாம் அறிந்த புலி காலண்டர் புலி. பற்களைக் காட்டும், பாயும். இது அப்படி இல்லை. தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போகிற குமாஸ்தா மாதிரி, ஏதோ யோசனையில் நடந்து போய்க்கொண்டிருந்தது. வயிறு சற்றுத் தொய்ந்திருந்தது. ஒரு காதில் பழைய கிழிசல். தன்னை யாராவது பார்க்கக்கூடும் என்கிற நினைப்பே இல்லாத ஒரு ஜீவனை அதுவரை நான் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆச்சரியமாக இருந்தது; கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. தெரியாத்தனமாக வேறொருவர் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் ஒரு கணம் எப்படி இருக்குமோ அப்படி.

அடுத்த படத்தில் ஒரு கிழவி. தலையில் விறகுக் கட்டு. புலி போன அதே பாதை. பகல் பதினொரு மணி. மிருகங்கள் எல்லாம் குறுக்கே போய்க்கொண்டிருக்க, அவள் மட்டும் நின்று காமிராவை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நண்பர் சட்டென்று அதைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனார். "இதெல்லாம் அழிச்சிடறதுதான்" என்றார், நான் கேட்காமலேயே.

அந்தக் கிழவி என் மனசில் தங்கிவிட்டாள். அவளைப் பிறகு பார்க்கலாம்.

காட்டு மிருகம் தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்ளும்படி பொறி வைப்பது இன்று நேற்றுத் தோன்றிய யுக்தி அல்ல. ஜார்ஜ் ஷிராஸ் என்ற அமெரிக்க வக்கீல், முதலில் வேட்டைக்காரராக இருந்தவர், சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டின் கடைசியிலேயே துப்பாக்கியை வைத்துவிட்டுக் காமிராவை எடுத்தார். பாதையின் குறுக்கே நூலைக் கட்டி, மானின் கால் பட்டால் வெளிச்ச மருந்து பற்றிக்கொண்டு படம் விழும்படி செய்தார். 1906 ஜூலையில் அவருடைய எழுபத்துநான்கு படங்களை நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகை வெளியிட்டது. நம் நாட்டிலே, அன்றைய ஐக்கிய மாகாணத்துக் காடுகளில், எஃப். டபிள்யூ. சாம்பியன் என்கிற வெள்ளைக்கார வன அதிகாரி இதே போல் கம்பி கட்டி, 1920-களில் புலிகளைப் படம் பிடித்தார். 1927-ல் அவை புத்தகமாக வந்தன. புலியைச் சுட்டுவிட்டு அதன்மேல் காலை வைத்து நின்றுகொண்டு படம் எடுப்பதுதான் கௌரவம் என்றிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் உயிருள்ள புலியை, அது போகிற போக்கில் போகவிட்டு, படத்தை மட்டும் எடுத்துக்கொண்ட மனிதரை நான் மதிக்கிறேன்.

ஆனால் வார்த்தையைக் கவனியுங்கள். இங்கிலீஷ்காரன் இதற்குப் 'பொறி' என்றே பெயர் வைத்திருக்கிறான். நாமும் படத்தைப் 'பிடிக்கிறோம்', இல்லாவிட்டால் 'எடுக்கிறோம்'. எடுக்கிறோம் என்றால் யாரிடமிருந்தோ எடுக்கிறோம் என்றுதானே அர்த்தம்? (நல்ல பாம்பும் படம் எடுக்கிறது. அது தன்னுடையதை எடுக்கிறது; அதில் ஒரு வழக்கும் இல்லை.)

சரி, எதற்காக எடுக்க வேண்டும்? இதற்கு நல்ல பதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமாகாது.

ரொம்ப காலமாக இந்தியாவில் புலிகளைக் கால்தடத்தை வைத்துத்தான் எண்ணினார்கள். வனக்காவலர்கள் தடத்தைக் கண்ணாடியில் வரைந்து, சுண்ணாம்புக் கலவையில் வார்த்து, இது இன்ன புலி, அது இன்ன புலி என்று தீர்மானிப்பார்கள். அனுபவசாலிகள் பலர் அதில் இருந்தார்கள். பொய் சொல்பவர்கள் என்று அவர்களை நான் சொல்லவில்லை. ஆனால் ஈர மண்ணில் பதிந்த தடம் ஒரு மாதிரி, புழுதியில் பதிந்த தடம் ஒரு மாதிரி. தவிர, புலி குறைந்துவிட்டது என்று மேலிடத்துக்கு எழுதும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? மனசு விரும்பிய எண்ணைக் கண் எண்ணிவிடும். ராஜஸ்தானத்தில் சரிஸ்கா என்ற காடு. புலிகளுக்கென்றே பாதுகாக்கப்பட்டது. அங்கே பத்துக்கும் மேற்பட்ட புலிகள் உலாவுவதாகக் காகிதத்தில் இருந்தபோதே, 2005-ன் ஆரம்பத்தில் உண்மை வெளியே வந்தது: ஒன்றுகூட இல்லை. கள்ள வேட்டைக்காரர்கள் துடைத்து எடுத்துவிட்டார்கள். செத்துப்போனவர்களின் ரேஷன் கார்டுக்குச் சர்க்கரை வாங்குவது போல, இல்லாத புலிகளுக்குக் கணக்கு நடந்துகொண்டிருந்தது.

உல்லாஸ் காரந்த் என்ற விஞ்ஞானி கர்நாடகத்தில் நாகரஹொளே காட்டில் 1990-களிலேயே காமிராவை வைத்து வேறு விதமாக எண்ணிக் காட்டியிருந்தார். விஷயம் எளிது. ஒரு குடம் நிறையப் புளியங்கொட்டை இருக்கிறது. எத்தனை என்று தெரியவில்லை. ஒரு கை அள்ளி, அவற்றில் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, திரும்பக் குடத்தில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மறுபடி ஒரு கை அள்ளிப் பாருங்கள். அதில் பொட்டு வைத்தவை நிறைய வந்தால் குடத்தில் கொட்டை கொஞ்சம்தான்; பொட்டு வைத்தவை அபூர்வமாக வந்தால் குடம் பெரியது. புலிக்குப் பொட்டு வைக்கும் சிரமமில்லை. பிறக்கும்போதே அது தன் கையெழுத்தை விலாவில் போட்டுக்கொண்டு பிறக்கிறது. முதல் தடவை படத்தில் விழுந்த புலிகளில் எத்தனை அடுத்த தடவையும் விழுகின்றன என்று பார்த்து, விழாத புலிகளையும் சேர்த்து மதிப்பிடலாம். பார்த்ததை வைத்துப் பார்க்காததைக் கணக்கிடும் இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. நாவலாசிரியர்களுக்கும் இது தேவை.

2001-02 கணக்கில் நாடு முழுவதும் 3,642 புலிகள் என்று இருந்தது. காமிராவையும் சேர்த்துக்கொண்ட புதிய முறையில், 2006-ம் வருஷத்துக்கு வந்த மதிப்பீடு 1,411. முறையே வேறு என்பதால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பது சரியல்ல. ஆனால் அந்த எண் தேசத்தின் தூக்கத்தைக் கலைத்தது. 2022 மதிப்பீட்டின்படி 3,682. தமிழ்நாட்டில் மட்டும் 306. ஆக, பார்க்காமல் இருந்தது புலிகளைக் கொன்றது. பார்த்தது காப்பாற்ற உதவியது. 'காட்டை அதன்போக்கில் விட்டுவிடுங்கள், காமிரா எதற்கு?' என்று கவிதை பேசுபவர்கள் சரிஸ்காவுக்குப் பதில் சொல்லிவிட்டுப் பேச வேண்டும்.

இனி அந்த 2022 கணக்கிலேயே இன்னொரு எண். நாடெங்கும் 32,588 இடங்களில் காமிரா வைத்தார்கள். விழுந்த படங்கள் நாலு கோடியே எழுபது லட்சத்துக்கும் மேல். அவற்றில் புலி இருந்தவை 97,399. ஏறக்குறைய ஐந்நூறு படத்துக்கு ஒரு புலி! மிச்சத்தில் யார் யார் இருந்திருப்பார்கள்? மானும் பன்றியும் மாடும் அசைந்த இலையும் பெரும்பாலும் இருக்கும். அவற்றோடு, காட்டோரத்து ஜனங்களும் இருக்கிறார்கள். சூடுள்ள ஏதோ அசைகிறது என்பதற்கு மேல் அந்தப் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு எல்லாரும் சூடுதான்.

புலிக்கு அந்தரங்கம் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளலாம். 2010-ல் இங்கிலாந்தில் பிரெட் மில்ஸ் என்ற பேராசிரியர் இதைக் கட்டுரையாகவே எழுதினார். வளைக்குள்ளும் கூட்டுக்குள்ளும் காமிராவை நுழைக்கிறீர்களே, அந்தப் பிராணி தன்னை ஒளித்துக்கொள்ள விரும்புகிறது என்பதை ஏன் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை என்று டெலிவிஷன்காரர்களைக் கேட்டார். பலர் சிரித்தார்கள். நானும் படித்தபோது சிரித்தேன். ஆடை உடுத்தாத ஜீவனுக்கு அந்தரங்கம் ஏது?

ஆனால் நேபாளத்தில் பர்தியா காட்டில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. 2004-ல் வெளிவந்தது. காமிரா வைத்த இடங்களைப் புலிகள் நாளடைவில் தவிர்க்க ஆரம்பித்தன என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அது பிளாஷ் வெளிச்சம் பளீரென்று அடித்த காலம். இன்றைய காமிராக்களையும் சில மிருகங்கள் உணரத்தான் செய்கின்றன. நமக்குக் கேட்காத சத்தம் அவற்றுக்குக் கேட்கிறது. புலிக்கு வெட்கம் இல்லை என்று சொல்லிவிடலாம். விருப்பம் இல்லை என்பதை மறுக்க முடியவில்லை.

என்றாலும் என் மனசாட்சி இதில் சமாதானம் அடைந்துவிடுகிறது. டாக்டர் நம் உடம்பைப் பார்க்கிறார். அவர் பார்ப்பது நமக்காக. புலியின் படமும் புலிக்காக. அந்தப் புலிக்கு இல்லாவிட்டாலும் அதன் குட்டிகளுக்காக. அந்தப் படம் நாலு பேருக்குத் தெரிவதால் புலிக்கு மானம் போவதில்லை, ஊரில் தலைகுனிவு வருவதில்லை, கல்யாணம் நிற்பதில்லை. அதற்கு நஷ்டம் வருவதென்றால், அது எந்தப் பாதையில் எந்த மணிக்கு வருகிறது என்பது வேட்டைக்காரனுக்குத் தெரிவதில்தான் வரும். புலி விஷயத்திலும் ஆபத்து பார்ப்பதில் இல்லை. யாருக்குக் காட்டுகிறோம் என்பதில் இருக்கிறது.

மனிதர்களுக்கு வந்தால் சமாதானம் இவ்வளவு சுலபத்தில் கிடைப்பதில்லை.

உத்தராகண்டத்தில் கார்பெட் புலிகள் காப்பகம் இருக்கிறது. 1936-ல் ஏற்பட்ட காடு; 1973-ல் புலித் திட்டம் தொடங்கியதும் அங்கேதான். அதைச் சுற்றிய கிராமங்களில் தங்கி, இருநூற்றெழுபது பேரிடம் பேசி, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் 2024 நவம்பரில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் அவர் எழுதியிருக்கும் ஒரு சம்பவம்: மிருகத்துக்கு வைத்த காமிராவில், காட்டில் ஒதுங்கிய ஒரு பெண் அகப்பட்டுவிட்டாள். அந்தப் படம் அழிக்கப்படவில்லை. தற்காலிக வேலைக்கு வந்திருந்த இளைஞர்கள் கைக்குப் போய், அங்கிருந்து செல்போன் செல்போனாக ஊர் முழுக்கப் போயிற்று. ஊர்க்காரர்கள் திரண்டு காமிராக்களை உடைத்தார்கள்.

காமிராவை உடைத்தது தப்பு என்று அரசாங்கச் சொத்து பற்றிய சட்டம் சொல்லும். நான் அந்த ஊரில் இருந்திருந்தால் நானும் ஒரு கல்லை எடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

அந்தச் சம்பவத்தைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்தது அதே கட்டுரையில் வரும் இன்னொரு விஷயம். அந்த ஊர்ப் பெண்கள் விறகுக்கும் புல்லுக்கும் கூட்டமாகக் காட்டுக்குப் போகிறவர்கள். போகும்போது பாடிக்கொண்டே போவார்கள். வீட்டில் பேச முடியாததைக் காட்டில் பேசுவார்கள். குடிகாரப் புருஷனிடமிருந்து சில மணி நேரம் தள்ளியிருப்பதற்கும் காடுதான் இடம். காமிராக்கள் வந்த பிறகு, யாரோ பார்க்கிறார்கள், கேட்கிறார்கள் என்ற நினைப்பில் குரலைத் தணித்துக்கொண்டார்கள், பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். பாட்டு என்றால் வெறும் சந்தோஷம் இல்லை. மனுஷச் சத்தம் கேட்டால் யானையும் புலியும் ஒதுங்கிப் போகும். ஓசைப்படாமல் நடக்கிறவள், திருப்பத்தில் புலியின் முன்னே போய் நிற்க நேரிடும். புலியைக் காப்பாற்ற வைத்த கண், அந்தப் பெண்களைப் புலிக்கு அருகே தள்ளிக்கொண்டு போகிறது.

அந்தப் பெட்டியை மரத்தில் கட்டிய விஞ்ஞானி இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். பார்க்கப்படுகிறவர்கள் பார்க்கப்படுவதாலேயே மாறிவிடுவார்கள் என்பது புலி நிபுணருக்குத் தெரிய வேண்டியதில்லை என்று விட்டுவிடலாம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது.

இருபது வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு ஸ்டோர் வீட்டில் குடியிருந்தேன். ஒரே முற்றத்தைச் சுற்றி நாலு குடித்தனம். என் அறைக்கும் பக்கத்துப் போர்ஷன் சமையலறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே ஒரு அக்கா. பகலெல்லாம் சிரித்த முகம். எனக்குக் காபிப்பொடி கடன் கொடுப்பாள். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, அந்தச் சமையலறையில் உட்கார்ந்து அழுவாள். வாய் விட்டு இல்லை. முனகலும், இடையிடையே தனக்குத்தானே சில வார்த்தைகளும். நான் எழுதிக்கொண்டிருப்பேன். சில நாள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு கதை எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், அவளுக்கு இல்லாத குழந்தையைக் கொடுத்தேன். அந்த வார்த்தைகளை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. அவை அவ்வளவு நன்றாக இருந்தன. ஒரு வாரப் பத்திரிகையில் வெளிவந்தது. கடிதங்கள் வந்தன. ஏழைப் பெண்ணின் மௌனத்துக்கு நாக்குக் கொடுத்துவிட்டதாக ஒருவர் பாராட்டியிருந்தார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எதிர்ப் போர்ஷன் பெண் கல்லூரியில் படித்தவள். அக்காவுக்கு அந்தக் கதையை வாசித்துக் காட்டிவிட்டாள். மறுநாள் காலையில் குழாயடியில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அக்கா குடத்தோடு வந்தாள். சண்டை போடவில்லை.

"சுவர் மெலிசுன்னு எனக்கும் தெரியும் தம்பி. நீங்க தூங்கிட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அன்றைக்குப் பிறகு ராத்திரியில் அந்தச் சமையலறையில் சத்தமே இல்லை. அவள் அழுவதை விட்டுவிட்டாளா, சத்தத்தை மட்டும் விட்டுவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. நாலு மாதத்தில் நான் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டேன்.

நான் அவளைப் பார்த்தது தப்பா? சுவருக்கு இப்பால் இருந்தவன் காதைப் பொத்திக்கொண்டா இருக்க முடியும்? அவள் கஷ்டத்தை அறிந்தது தப்பில்லை. அறிந்த பிறகு அவளிடம் நான் என்ன கடன்பட்டேன் என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளாததுதான் தப்பு. ஒரு தடவைகூட அந்தச் சுவரைத் தட்டி, 'அக்கா, நான் முழிச்சிட்டிருக்கேன்' என்று நான் தெரிவிக்கவில்லை. தெரிவித்திருந்தால் எனக்குக் கதை கிடைத்திருக்காது.

காட்டுக் காமிரா விஷயத்திலும் இந்த ஒரு மரியாதைதான் இல்லை. இந்த மரத்தில் ஒரு கண் இருக்கிறது, இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம் வரை இருக்கும், இதில் நீங்கள் விழுந்தால் இன்னார்தான் பார்ப்பார், பார்த்ததும் அழிப்பார் என்று காட்டோரத்து ஊரில் கூப்பிட்டு வைத்துச் சொல்வதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? மனித உருவம் இருக்கும் படங்களைத் தானாகவே பொறுக்கி எடுத்துத் தனியே ஒதுக்கிவிடும் கம்ப்யூட்டர் முறைகள் இப்போது வந்துவிட்டன. மனிதக் கண் படுவதற்கு முன்பே அவற்றை அழிக்க முடியும். கள்ள வேட்டைக்காரனும் மனித உருவம்தானே, அவனையும் அழித்துவிடுவதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. அவனைப் பிடிக்கக் காமிரா வைக்கட்டும். அதைச் சொல்லிவிட்டு வைக்கட்டும். புலியை எண்ணுகிறேன் என்று வைத்துவிட்டு, விழுந்தவர்களையெல்லாம் சந்தேகக் கண்ணோடு புரட்டிப் பார்ப்பது வேறு காரியம். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்திருப்பதால்தான் ஜனங்கள் பெட்டியையே வெறுக்கிறார்கள். பெட்டியை வெறுக்கிற ஊர் நாளைக்குப் புலியையும் வெறுக்கும்.

இதையெல்லாம் அன்று ராத்திரி நண்பரிடம் கொஞ்சம் ஆவேசமாகவே பேசினேன் போலிருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இருங்க, அந்த ஆத்தா படத்தை இன்னொரு தடவ பாருங்க" என்று லாப்டாப்பில் பின்னோக்கிப் போனார். முறைப்படி அவர் அதை எனக்குக் காட்டியிருக்கக் கூடாது. நானும் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன்.

பதினொரு மணி இரண்டு நிமிஷம். கிழவி காமிராவை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முகத்தில் கோபமில்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வம்புக்காரனைப் பார்க்கிற பார்வை. அடுத்த படம், பதினொரு மணி மூன்று. படம் முழுக்க ஏதோ கட்டம் கட்டமாக, மங்கலாக.

"என்னது இது?"

"துண்டு. தலைச் சும்மாட்டை எடுத்துக் காமிரா மேல போட்டுட்டு, அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் ஓடை இருக்கு, அங்க போயிடும். நாலஞ்சு பொம்பளைங்க பின்னாலயே வருவாங்க. குளிச்சு, துணி அலசி, பேசிட்டு, திரும்பி வரும்போது துண்டை எடுத்துக்கிட்டுப் போயிடும். மூணு வருஷமா இப்படித்தான். எங்க வாட்சருக்கும் தெரியும்."

"நீங்க ஒண்ணும் சொல்றதில்லையா?"

"சொல்லி?" என்றார் அவர். "உடைக்கலியே. திருடலியே. காமிராவையே எடுத்துட்டுப் போறவங்க இருக்காங்க. அது துண்டை எடுக்க ஒரு நாள்கூட மறந்ததில்ல."

இடத்தையும் வேறு சில அடையாளங்களையும் மாற்றித்தான் இதை எழுதியிருக்கிறேன். துண்டுகூட வேறு ஒன்றுதான்.

அடுத்த படத்தின் மணியைப் பார்த்தேன். பிற்பகல் ஒன்று ஐம்பது: கிழவியின் கை, அதற்கப்பால் காலியான பாதை. அந்த இரண்டே முக்கால் மணி நேரத்தில் அந்த வழியாக எந்த மிருகம் போயிற்று, எது வந்தது என்று கணக்கில் ஒன்றும் இல்லை. நண்பர் மூன்று படங்களையும் ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, புலிப் படத்தை மட்டும் வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, லாப்டாப்பை மூடினார்.